சிரிக்கச் சொல்லாமல் எடுத்த படங்கள்: வீட்டிலும் வெளியிலும் குழந்தைகளை இயல்பாகப் படம் பிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

என் மகளுக்கு மூன்று வயதில் ஒரு ‘கேமரா முகம்’ இருந்தது. போனைக் கையில் எடுத்தால் போதும், பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை இடுக்கி, கழுத்தை முன்னால் நீட்டி நிற்பாள். ‘சிரி கண்ணு, இங்க பாரு, சிரி’ என்று வீட்டில் எல்லாருமாகச் சொல்லிச் சொல்லிப் பழக்கிய முகம் அது. அவளுடைய உண்மையான சிரிப்பு வேறு மாதிரி. முதலில் தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறும், ஒரு கை வாயை மூடும், சத்தம் அப்புறம்தான் வரும். அதுவரை எடுத்த நூற்றுக்கணக்கான படங்களை ஒருநாள் உட்கார்ந்து புரட்டினேன். அந்தச் சிரிப்பு ஒன்றில்கூட இல்லை.

அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தேன். படத்துக்காகக் குழந்தையிடம் எதையும் கேட்பதில்லை. வெளிச்சம், இடம், நான் உட்காரும் கோணம், போனில் செய்ய வேண்டிய அமைப்பு எல்லாவற்றையும் நானே தயார் செய்துவிட்டுக் காத்திருப்பது. இப்போது அவளுக்கு ஏழு வயது, தம்பிக்கு நான்கு. இடைப்பட்ட வருடங்களில் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். ஒன்றிலிருந்து ஆறு வயது வரையுள்ள குழந்தைகள் இருக்கும் வீடுகளுக்கு இது பொருந்தும். போன் மட்டும் இருந்தாலே போதும். கேமரா வைத்திருப்பவர்களுக்கான எண்களையும் ஆங்காங்கே சேர்த்திருக்கிறேன்.

முதல் படி: மூன்று நாள் வெறுமனே பாருங்கள்

எடுத்த எடுப்பில் போனைத் தூக்க வேண்டாம். மூன்று நாள் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, குழந்தை எந்த நேரத்தில் தன் பாட்டுக்கு விளையாடுகிறது. சாப்பிட்டு, தூங்கி எழுந்து, வயிறு நிறைந்து இருக்கும் நேரம் எல்லா வீட்டிலும் ஒன்றாக இருக்காது. எங்கள் வீட்டில் காலை ஏழரை முதல் எட்டேகால் வரை, அப்புறம் மாலை நாலரைக்கு மேல். பசியிலும் தூக்கக் கலக்கத்திலும் இருக்கிற குழந்தையை வைத்து யாராலும் நல்ல படம் எடுக்க முடியாது.

இரண்டாவது, வீட்டுக்குள் வெளிச்சம் எங்கே, எப்போது வருகிறது. இதற்கு ஒரு எளிய வழி உண்டு. உங்கள் உள்ளங்கையை முகத்துக்கு எதிரே பிடித்துக்கொண்டு ஒவ்வொரு ஜன்னலின் அருகிலும் மெதுவாகச் சுற்றி வாருங்கள். ரேகைகள் மென்மையாகத் தெரிந்து, ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் லேசான நிழலுமாக இருக்கும் இடம்தான் உங்கள் இடம். ரேகை கறுப்புக் கோடாக வெட்டித் தெரிந்தால் அங்கே நேர் வெயில் விழுகிறது என்று அர்த்தம். எந்த வித்தியாசமும் இல்லாமல் கை தட்டையாகத் தெரிந்தால் அங்கே வெளிச்சம் போதாது.

இதை ஒரு காகிதத்தில் குறித்து வைத்தால் நல்லது. ‘சமையலறை ஜன்னல், காலை எட்டு. கூடம், மாலை நாலு. மாடிப்படித் திருப்பம், பதினொன்று.’ வருடம் முழுக்க இது ஒரே மாதிரி இருக்காது. மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் தெற்கு ஜன்னல் வழியாக வெயில் வீட்டுக்குள் நீளமாக வரும். ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் தமிழ்நாட்டில் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலேயே நிற்கும், ஜன்னலோரம் மட்டும் லேசாக எட்டிப் பார்க்கும். பொங்கலுக்கு அருமையாக இருந்த மூலை சித்திரையில் மங்கலாகத் தெரிந்தால் குழம்ப வேண்டாம், காரணம் இதுதான்.

இரண்டாம் படி: வீட்டைக் கொஞ்சம் சரி செய்யுங்கள்

முதல் வேலை, பகலில் டியூப்லைட்டையும் பல்பையும் அணைப்பது. ஜன்னல் வெளிச்சம் ஒரு நிறம், பல்பு வெளிச்சம் இன்னொரு நிறம். இரண்டும் ஒரே முகத்தில் விழுந்தால் ஒரு கன்னம் நீலமாகவும் ஒரு கன்னம் ஆரஞ்சாகவும் வரும், அதை எந்த ஆப்பாலும் ஒழுங்காகச் சரி செய்ய முடியாது. அணைத்ததும் வீடு இருட்டானது போல உங்களுக்குத் தோன்றும். ஒரு நிமிடத்தில் கண் பழகிவிடும், படமும் நன்றாகவே வரும்.

சுவர் நிறத்தையும் பாருங்கள். பச்சைச் சுவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்த குழந்தையின் முகத்தில் பச்சை ஏறும். பழைய வீடுகளின் சிவப்புத் தரை கீழிருந்து ஒரு இளஞ்சூட்டு நிறத்தைத் திருப்பி அனுப்பும். எனக்கு அது மிகவும் பிடிக்கும், அதனால் வேண்டுமென்றே தரையிலேயே உட்காரும்படி விளையாட்டை அமைப்பேன்.

ஜன்னலுக்கு எதிர்ப்பக்கத்து நிழல் ரொம்ப ஆழமாக இருந்தால் ஒரு வெள்ளை வேட்டி போதும். தாத்தாவின் நாலு முழ வேட்டியை நாற்காலி முதுகில் விரித்துப் போட்டு, குழந்தையின் நிழல் பக்கத்தில் மூன்று நான்கு அடி தள்ளி வையுங்கள். ஸ்டுடியோக்காரர்கள் காசு கொடுத்து வாங்கும் ரிஃப்ளெக்டர் செய்கிற அதே வேலையை அது செய்யும். நேர் வெயில் உள்ளே பாய்ந்தால் ஒரு வெளிர்நிறப் பருத்திப் புடவையைத் திரையாகக் கட்டுங்கள். கிரில் கம்பியின் நிழல் கோடுகோடாக முகத்தில் விழுகிறதா, குழந்தையை நகர்த்தாமல் விளையாட்டுச் சாமானை ஒரு அடி உள்ளே தள்ளி வையுங்கள். அது இருக்கும் இடத்துக்குக் குழந்தை தானாக வந்துவிடும்.

வீட்டை முழுக்க ஒழித்து அடுக்காதீர்கள். கண்ணைப் பறிக்கும் ஒன்றிரண்டு சாமான்களை மட்டும் எடுத்துவிட்டால் போதும். எங்கள் வீட்டில் அது ஒரு சிவப்பு பிளாஸ்டிக் வாளியும் மளிகைக்கடைப் பைகளும். மற்றவை இருக்கட்டும். சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் இருக்கட்டும், அதிலுள்ள தேதி பிற்காலத்தில் உதவும். கொடியில் காயும் துணி, மூலையில் நிற்கும் கேஸ் சிலிண்டர், மடித்துவைத்த பாய் எல்லாம் இருக்கட்டும். இருபது வருடம் கழித்துக் குழந்தை படத்தைப் பார்க்கும்போது தன் முகத்தைவிட அதிக நேரம் இவற்றைத்தான் பார்க்கும்.

மூன்றாம் படி: போனையும் கேமராவையும் தயார் செய்தல்

போன் வைத்திருப்பவர்கள் முதலில் லென்ஸைத் துடையுங்கள். நம் வீட்டில் எண்ணெய்க் கை படாத போன் கிடையாது. புகைமூட்டம் போட்டது போல வருகிற படங்களில் பலவற்றுக்குக் காரணம் அந்த எண்ணெய்ப் படலம்தான். மென்மையான பருத்தித் துணியால் ஒரு துடை, சரியாகிவிடும்.

அப்புறம் ஃபிளாஷை நிரந்தரமாக அணைத்துவிடுங்கள். ஷட்டர் சத்தத்தையும் அணையுங்கள். ‘பியூட்டி’ என்று பெயர் போட்ட எல்லாவற்றையும் அணையுங்கள். இதில் எனக்குப் பிடிவாதமே உண்டு. மாநிறக் குழந்தையையும் கறுத்த குழந்தையையும் அந்த அமைப்பு வெளுப்பாக்கி, தோலின் நயத்தை மெழுகுபோல வழித்துவிடுகிறது. பிறந்ததிலிருந்து தன் நிறத்தை மாற்றிய படங்களையே பார்த்து வளரும் குழந்தைக்கு நாம் என்ன சொல்லிக்கொடுக்கிறோம் என்று யோசிக்க வேண்டும். கன்னத்தில் வைத்த திருஷ்டிப் பொட்டு, கொசுக்கடித் தழும்பு, வியர்வை எல்லாம் உள்ளபடியே இருக்கட்டும்.

முகத்தின் மீது விரலை வைத்துச் சில நொடி அழுத்தினால் பெரும்பாலான போன்களில் ஃபோகஸும் வெளிச்ச அளவும் பூட்டிக்கொள்ளும். அதன் பிறகு விரலை லேசாகக் கீழே இழுத்து ஒரு பொட்டு இருட்டாக்குங்கள். ஜன்னலோரப் படங்களுக்கு இது மிக முக்கியம். கொஞ்சம் இருட்டாக எடுத்த படத்தைப் பிறகு வெளிச்சமாக்கலாம், வெளுத்துப்போன நெற்றியை மீட்க முடியாது. தொடர்ச்சியாகப் பல படம் எடுக்கும் பர்ஸ்ட் வசதி உங்கள் போனில் எப்படி இயங்குகிறது என்று பழகிக்கொள்ளுங்கள். ஐபோனில் ஷட்டர் பொத்தானை இடப்பக்கம் இழுத்துப் பிடித்தால் வரும். நைட் மோடு குழந்தைகளுக்கு உதவாது. அது பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்ப்பது, அதற்குள் குழந்தை நகர்ந்துவிடும். 0.5 என்று காட்டும் அகலக் கோண லென்ஸையும் முகத்துக்கு அருகே கொண்டுபோகாதீர்கள், ஓரத்தில் இருப்பவரின் தலை நீண்டுவிடும். 1 அல்லது 2 போதும்.

கேமரா என்றால், உட்கார்ந்து விளையாடும் குழந்தைக்கு ஷட்டர் (வெளிச்சம் உள்ளே விழும் நேரம்) 1/250 நொடி, ஓடும் குழந்தைக்கு 1/500, ஊஞ்சலுக்கும் குதிப்பதற்கும் 1/1000. ஒரு முகம் மட்டும் என்றால் லென்ஸின் துவாரத்தை எஃப்/2 வரை திறக்கலாம் (எண் சிறிதானால் துவாரம் பெரிது, தெளிவாகத் தெரியும் ஆழம் குறைவு). இரண்டு குழந்தைகள் முன்னே பின்னே இருந்தால் எஃப்/4 வையுங்கள், இல்லாவிட்டால் ஒருவர் மட்டும் தெளிவாக இருப்பார். வெளிச்சத்துக்கு கேமரா காட்டும் உணர்திறனான ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டு உச்சவரம்பை 6400 என்று வைத்துவிடுங்கள். புள்ளிபுள்ளியாக வந்தாலும் பரவாயில்லை, அசைந்து கலங்கிய படத்தைவிட அது மேல். வீட்டுக்குள் பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவில் 35 மி.மீ. லென்ஸ் வசதி, அதைவிடச் சிறிய சென்சார் உள்ள ஏபிஎஸ்-சி கேமராவில் 23 அல்லது 24 மி.மீ. அதே பார்வையைத் தரும். 85 மி.மீ. அழகானதுதான், ஆனால் பத்துக்குப் பத்து அறையில் பின்னால் நகர இடம் இருக்காது.

இரவில் மட்டும் ஒரு எச்சரிக்கை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் பல டியூப்லைட்டுகளும் மலிவான எல்இடி பல்புகளும் நொடிக்கு நூறு முறை மின்னி அடங்கும். கண்ணுக்குத் தெரியாது, படத்தில் கறுப்புப் பட்டைகளாகத் தெரியும். ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று வைத்தால் குறையும், ஆனால் அந்த வேகத்தில் குழந்தை அசைந்தால் கலங்கும். சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். ஆகவே இரவில் கதை கேட்கும் நேரம், தூங்கும் நேரம் போன்ற அசைவில்லாத தருணங்களை மட்டும் எடுங்கள்.

நான்காம் படி: தரைக்கு இறங்குங்கள்

நின்றபடி குனிந்து எடுத்தால் குழந்தையின் உச்சந்தலையும் மூக்குநுனியும்தான் கிடைக்கும். முட்டி போடுங்கள், சம்மணமிட்டு உட்காருங்கள், தவழும் குழந்தை என்றால் குப்புறப் படுங்கள். லென்ஸ் அதன் கண் உயரத்துக்கு வர வேண்டும். அங்கிருந்து பார்க்கும்போதுதான் சாப்பாட்டு மேசை ஒரு கூரையாகவும், பாட்டியின் புடவைக் கொசுவம் ஒரு திரையாகவும் இருப்பது தெரியும்.

எப்போதும் முகத்துக்கு நேரே போய் நிற்காமல் வாசல்படிக்கு அப்பால், கதவு இடுக்கில், தூளியின் விளிம்புக்குப் பின்னால் என்று கொஞ்சம் ஒதுங்கி இருங்கள். தூளி என்றதும் ஞாபகம் வருகிறது. தூளித் துணிக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் துணி முழுக்க ஒளிரும், உள்ளே இருக்கும் குழந்தையின் கை கால் நிழலாக மட்டும் தெரியும். சின்னவனின் ஆறாவது மாதத்தில் அப்படி ஒன்று எடுத்தேன். முகமே தெரியாத அந்தப் படத்தில் இருப்பது அவன்தான் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும், கட்டைவிரலை மட்டும் மேலே நீட்டித் தூங்குவது அவன் பழக்கம்.

ஐந்தாம் படி: வேலை கொடுங்கள், கட்டளை வேண்டாம்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். கை ஓயாமல் இருக்கும் குழந்தை கேமராவை மறந்துவிடும்.

ஒன்று, இரண்டு வயதில் ஒரு பாத்திரமும் கரண்டியும், இல்லாவிட்டால் ஒரு கிண்ணம் தண்ணீர் போதும். மூன்று, நான்கு வயதில் பச்சைப் பட்டாணி உரிப்பது, கொத்தமல்லி ஆய்வது, சப்பாத்தி மாவில் ஒரு உருண்டை, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. ஐந்து, ஆறு வயதில் கொஞ்சம் கோலமாவைக் கையில் கொடுத்து வாசலில் ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுங்கள், தம்பிக்குக் கதை சொல்லச் சொல்லுங்கள், கொலு நேரமாக இருந்தால் பொம்மை துடைக்கிற வேலை. கொடுத்த வேலை உண்மையான வேலையாக இருக்க வேண்டும். உரித்த பட்டாணி அன்றைக்குக் குருமாவில் போக வேண்டும். படத்துக்காகக் கொடுத்த வேலை என்று குழந்தைக்குத் தெரிந்துவிட்டால் திரும்பவும் அந்தக் கேமரா முகம் வந்துவிடும்.

பெரியவர்களைத் தயார் செய்வது இதைவிடக் கடினம். குழந்தைக்கு முன்னால் விரலைச் சொடுக்குவது, ‘அம்மாவைப் பாரு, அம்மாவைப் பாரு’ என்று தாடையைத் திருப்பிவிடுவது, எல்லாம் அன்பினால் செய்வதுதான். கையில் போனைப் பார்த்ததும் என் மாமியார் உடனே எழுந்து புடவை மாற்றப் போவார். ஒருநாள் காலை மகளுக்கு ஜடை போட்டுக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டார்.

“என்னம்மா, இந்தப் பழைய புடவையில போய் எடுக்கிறியே. இரு, மாத்திட்டு வரேன்.”

“வேணாம் அத்தை. தினமும் இந்தப் புடவையிலதான் இவளுக்குத் தலை வாருறீங்க. நீங்க பாட்டுக்கு வாருங்க, நான் இருக்கிறதையே மறந்துடுங்க.”

கொஞ்ச நேரம் விறைப்பாகத்தான் இருந்தார். நான் போனை மடியில் வைத்துக்கொண்டு அன்றைய சமையலைப் பற்றிப் பேசினேன். ஐந்து நிமிடம் கழித்து ஜடையில் ஒரு சிக்கு வந்தது. அவர் சிவப்பு ரிப்பனின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் சிக்கை எடுக்க ஆரம்பித்தார். மகளின் தலை பின்னால் இழுபட்டு, புருவம் மேலே ஏறி, ஓரக்கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர். அவள் கை மட்டும் பாட்டியின் முழங்காலைப் பிடித்திருந்தது. தேங்காயெண்ணெய் தடவிய வகிட்டில் சமையலறை ஜன்னல் வெளிச்சம் ஒரு கோடாக விழுந்திருந்தது. ஏழு படம் எடுத்தேன், நான்காவது படம் இப்போது கூடத்துச் சுவரில் இருக்கிறது.

ஆறாம் படி: ஒரு நிகழ்ச்சியை நான்கு தூரத்தில் எடுங்கள்

ஒரே இடத்தில் நின்று ஒரே மாதிரி இருபது படம் எடுப்பதைவிட, நடக்கிற ஒன்றை நான்கு விதமாகப் பாருங்கள். முதலில் அறை முழுக்கத் தெரியும்படி தூரத்திலிருந்து ஒன்று. அப்புறம் ஆட்கள் மட்டும். பிறகு முகம். கடைசியில் ஒரு சிறு துண்டு: மாவு ஒட்டிய விரல்கள், கொலுசு போட்ட கால், பாட்டியின் நரம்போடிய கைக்குள் இருக்கும் குட்டிக் கை. கை, கால் படங்களை எடுக்கப் பலருக்குத் தோன்றுவதே இல்லை. குழந்தையின் கை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறிவிடுகிறது, மணிக்கட்டில் இருக்கும் அந்த மடிப்பு ஒருநாள் காணாமல் போய்விடும்.

இன்னொன்று, நிகழ்ச்சி முடிந்ததும் போனைக் கீழே வைக்காதீர்கள். கேக் வெட்டும் நொடியை எல்லாரும் எடுப்பார்கள். வெட்டி முடித்து, கூட்டம் கலைந்து, பிறந்தநாள் குழந்தை மேசைக்கு அடியில் உட்கார்ந்து க்ரீமை நக்கிக்கொண்டிருப்பதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஏழாம் படி: எதை எடுக்கக் கூடாது

குழந்தை ‘வேணாம்’ என்று சொன்னால் அந்த நொடியே நிறுத்துங்கள். இரண்டு வயதுக் குழந்தைக்குச் சொல்லத் தெரியாது, முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதுவும் ‘வேணாம்’தான். நிறுத்திவிட்டால் அடுத்த நாள் அது உங்களை நம்பும்.

அழுகையை எடுக்கலாமா என்று கேட்பார்கள். சோறு வேண்டாம் என்று அழுவதை ஒன்று எடுத்துவிட்டு உடனே தூக்கிக்கொள்ளலாம், அதுவும் வீட்டுக் கதையில் ஒரு பங்கு. வலியில், பயத்தில் அழும்போது போன் கையில் இருக்கவே கூடாது. குளிக்கும் படங்கள், உடையில்லாத படங்கள் விஷயத்தில் என் கருத்து கண்டிப்பானது. குப்புற விழும் பருவத்தில் ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போய் அப்படி ஒரு படம் எடுத்துச் சட்டம் போட்டு மாட்டுவது நம்மில் பல வீட்டு வழக்கம். அது சுவரோடு நின்ற காலம். இன்று ஒரு படம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போனால் எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. தலைக்கு எண்ணெய் தேய்த்து முகம் வழவழவென்று இருக்கும் அந்தத் தீபாவளிக் காலையை, தோளுக்கு மேலே மட்டும் எடுத்தால் அதுவே போதுமான அழகு.

எட்டாம் படி: வெளியே போகும்போது

வெயில் காலத்தில் காலை எட்டரைக்கு மேலும் மாலை நாலரைக்கு முன்பும் திறந்த வெளியை மறந்துவிடுங்கள். தலைக்கு மேலே வெயில் நின்றால் கண் இருக்கும் குழி இரண்டும் கறுத்துவிடும், குழந்தையும் கண்ணைச் சுருக்கும். அந்த நேரத்தில் வெளியே இருந்தே ஆக வேண்டும் என்றால் திண்ணை, மண்டபம், கட்டடத்தின் நிழல் விழும் பக்கம் ஆகியவற்றைத் தேடுங்கள். நிழலின் விளிம்புக்கு ஓரடி உள்ளே, வெளியைப் பார்த்தபடி குழந்தை இருந்தால் முகம் முழுக்க மென்மையான வெளிச்சம் கிடைக்கும். வேப்பமரத்து நிழல் உடம்புக்கு இதம், படத்துக்குத் தொல்லை. இலை இடுக்கில் விழும் வெயில் முகத்தில் வெள்ளைத் திட்டுகளாக உட்காரும்.

மாலையில் சூரியன் இறங்கும் கடைசி ஒரு மணி நேரம் பொன்னான நேரம். சென்னையில் டிசம்பரில் ஆறு மணிக்கு முன்பே அஸ்தமித்துவிடும், ஜூலையில் ஆறரை தாண்டும். அதற்கு ஏற்றாற்போல் கிளம்புங்கள். சூரியனைக் குழந்தையின் முதுகுக்குப் பின்னால் வைத்தால் முடியின் ஓரம் முழுக்க ஒளிக்கோடு விழும். அப்போது முகத்தைத் தொட்டு வெளிச்ச அளவைப் பூட்டிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் போன் வானத்தைப் பார்த்து முகத்தை இருட்டாக்கிவிடும்.

மெரினா, மாமல்லபுரம், புதுச்சேரி, நாகப்பட்டினம் என்று நம் கிழக்குக் கடற்கரை முழுவதும் ஒரு வசதி இருக்கிறது. காலையில் சூரியன் கடலிலிருந்து வருவதால் கடலைப் பின்னணியாக வைத்தால் குழந்தைகள் நிழலுருவமாகத் தெரிவார்கள். குதிப்பது, ஓடுவது, அலையைக் கண்டு பின்வாங்குவது எல்லாம் உருவக்கோட்டிலேயே தெரியும். மாலையில் சூரியன் ஊருக்குப் பின்னால் போய்விடும். கட்டடங்களுக்குப் பின்னால் அது மறைந்ததும் மணல் முழுக்கப் பரவலான மெல்லிய வெளிச்சம். கடலைப் பின்னால் வைத்தே முகத்தையும் தெளிவாக எடுக்கலாம். கடற்கரையில் லென்ஸைக் கழற்றி மாட்டாதீர்கள், மணல் ஒன்று உள்ளே போனாலும் வம்பு. உப்புக்காற்று படிந்த லென்ஸை வீட்டுக்கு வந்ததும் துடையுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். கடல், குளம், மொட்டைமாடி, சாலையோரம் ஆகிய இடங்களில் படம் எடுப்பவர் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆள் கிடையாது. அதற்கென்று வேறொரு பெரியவர், கையில் போன் இல்லாமல், கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். திரையில் பார்த்துக்கொண்டிருக்கும்போது அலை எவ்வளவு அருகில் வந்துவிட்டது என்று தெரியாது. ஆள் இல்லையென்றால் போனைப் பையில் போட்டுவிட்டு நீங்களும் விளையாடுங்கள்.

மழை நாட்களை விட்டுவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடியிருக்கும்போது நாள் முழுக்க நல்ல வெளிச்சம்தான். வாசலில் நின்று எடுத்தால் நீங்களும் நனைய வேண்டாம், தெருவில் காகிதக் கப்பல் விடும் குழந்தையும் கிடைக்கும். துணி விஷயத்தில் ஒரே ஒரு ஆலோசனை: வெளியே போகப் புதுத் துணி போடாதீர்கள். உறுத்தும், சொறிந்துகொண்டே இருக்கும், அழுக்காகிவிடும் என்று நீங்கள் அதட்டிக்கொண்டே இருப்பீர்கள். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய பருத்திச் சட்டை போதும்.

ஒன்பதாம் படி: நீங்களும் படத்துக்குள் வாருங்கள்

பல வீடுகளில் யாராவது ஒருவர் எந்தப் படத்திலும் இருக்க மாட்டார், படம் எடுக்கிறவர். எங்கள் வீட்டில் அது நான். சின்னவனின் முதல் வருடப் படங்களில் நான் இருப்பவை ஆறு, அதில் மூன்று கண்ணாடியில் தெரிவது.

போனைப் புத்தக அடுக்கின் மீது சாய்த்து, பத்து நொடி டைமர் வைத்துவிட்டுப் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். அல்லது வீடியோவாக ஓடவிட்டு, பிறகு அதிலிருந்து ஒரு காட்சியைப் படமாக எடுத்துக்கொள்ளுங்கள், 4கே வீடியோவில் எடுத்த காட்சி சிறிய அளவு பிரின்ட்டுக்குத் தாராளமாகப் போதும். சோறூட்டும்போது, தூங்க வைக்கும்போது வைத்துவிடலாம். கணவரிடமோ தங்கையிடமோ கேட்டும் வாங்குங்கள். தலை கலைந்திருக்கிறது, நைட்டியில் இருக்கிறேன் என்று தள்ளிப்போடாதீர்கள். குழந்தைக்குத் தெரிந்த அம்மா அந்த நைட்டியில் இருப்பவர்தான்.

அப்புறம், குழந்தையின் கையிலேயே கொடுத்துப் பாருங்கள். 1894இல் பிறந்த பிரெஞ்சுக்காரர் ழாக் ஹென்றி லார்த்தீக், சிறுவனாக இருக்கும்போதே அப்பா கொடுத்த கேமராவால் தன் வீட்டாரைப் படம் பிடித்தார். 1905இல் அவர் எடுத்த ஒரு படத்தில் அவருடைய அத்தை மகளோ சித்தி மகளோ போன்ற ஒரு உறவுப் பெண் படிக்கட்டிலிருந்து தாவிப் பறக்கிறாள். இன்றைக்கும் புகைப்பட வரலாற்றில் பேசப்படும் படம் அது. என் மகள் ஐந்து வயதில் பழைய போனில் எடுத்ததில் முக்கால்வாசி எங்கள் முழங்கால்கள். ஆனால் நான் அடுப்படியில் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும் ஒன்று இருக்கிறது, அந்த முகத்தை அவளைத் தவிர வேறு யாராலும் என்னிடமிருந்து வாங்கியிருக்க முடியாது.

பத்தாம் படி: கழிப்பது, காப்பது, பிரின்ட் போடுவது

அன்றன்றைக்கே இரவு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பர்ஸ்டில் எடுத்த முப்பதில் இரண்டு வைத்துக்கொண்டு மற்றதை அழியுங்கள். எதை வைப்பது என்பதற்கு என் அளவுகோல் எளிது: கொஞ்சம் கலங்கியிருந்தாலும் அந்தக் குழந்தையின் குணம் தெரிகிறதா. தெளிவாக இருந்து குணம் தெரியாத படம் வேண்டாம். வண்ணத் திருத்தத்தில் வெளிச்சம், நிறச்சூடு இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

காப்பதில் நான் பட்ட அடியைச் சொல்கிறேன். சின்னவனின் முதல் எட்டு மாதப் படங்கள் ஒரே ஒரு ஹார்ட் டிஸ்கில் இருந்தன. ஒருநாள் அது திறக்கவில்லை, சரிசெய்யக் கொடுத்த இடத்திலும் மீட்க முடியவில்லை. உறவினர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியவை மட்டும் சுருங்கிய அளவில் மிஞ்சின. தூளிப் படம் அப்படித் தப்பியதுதான். இப்போது மூன்று பிரதி வைக்கிறேன்: கணினியில் ஒன்று, வெளி டிஸ்கில் ஒன்று, கிளவுடில் ஒன்று. வாட்ஸ்அப்பில் முழு அளவில் அனுப்ப வேண்டுமானால் டாக்குமென்டாக அனுப்புங்கள். ஆனால் அப்போது படம் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் தகவலும் கூடவே போகும். ஆகவே கேமரா அமைப்பில் இடத் தகவலை முன்கூட்டியே அணைத்துவிடுவது நல்லது. பொதுவெளியில் போடும் படத்தில் பள்ளிச் சீருடை, பேட்ஜ், வீட்டு எண் தெரிகிறதா என்றும் பாருங்கள்.

மாதத்துக்குப் பத்துப் படம் பிரின்ட் போடுங்கள். நாலுக்கு ஆறு அங்குல அளவுக்கு 1200க்கு 1800 பிக்ஸல் இருந்தாலே நன்றாக வரும், எந்தப் போனும் இதைவிடப் பெரிதாகவே எடுக்கிறது. பின்பக்கத்தில் தேதி, இடம், யார் யார் என்று எழுதுங்கள். பால்பாயின்ட் பேனாவால் அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். மெல்லிய முனையுள்ள பெர்மனென்ட் மார்க்கரால் எழுதி, மை நன்றாகக் காய்ந்த பிறகு அடுக்குங்கள்.

அந்த ஜடைப் படத்தைச் சட்டம் போடும் முன் பின்னால் இப்படி எழுதினேன்: ‘வியாழக்கிழமை காலை, ஸ்கூல் வேன் வருவதற்கு முன். பாட்டி ரிப்பனைப் பல்லில் கடித்திருக்கிறார்.’ போன மாதம் சட்டத்தைக் கழற்றித் துடைத்தபோது, அதன் கீழே மகள் தன் கோணல் எழுத்தில் ஒரு சொல் சேர்த்தாள்: ‘வலிச்சுது.’